பனியன் துண்டில் அல்ஜீப்ரா

"பத்தாவது முடிஞ்சதும் நானும் கம்பெனிக்கே போயிக்கறேன்மா. எனக்குக் கணக்கு வராது."

மகள் இதைச் சொன்னபோது நான் வாசலில் உட்கார்ந்து பீஸ்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டின கை அப்படியே நின்றுபோயிற்று. அவள் ஒன்பதாம் வகுப்பு. காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் 100க்கு 19. மற்றப் பாடம் எதிலும் அறுபதுக்குக் குறையவில்லை.

எங்கள் ஊர் முதலிபாளையம். திருப்பூரை ஒட்டின ஊர். சிட்கோ தொழிற்பேட்டை இங்கேதான் இருக்கிறது. பின்னலாடைப் படிப்புக்கென்றே ஒரு கல்லூரியும் இருக்கிறது. இந்த ஊரில் படிப்பை நிறுத்தின பெண் வேலை தேடி அலைய வேண்டியதில்லை. காலையில் வேன் தெருமுனைக்கே வந்து நிற்கும். ஏறி உட்கார்ந்தால் போதும்.

மகள் சொன்ன அதே வார்த்தையை ஒரு காலத்தில் நானும் சொன்னவள்தான். பத்தாவதில் கணக்கில் 36 வாங்கினேன். பாஸ்தான், ஆனாலும் மேலே படிக்கிறேன் என்று வீட்டில் கேட்க எனக்கே வாய் வரவில்லை. கைமடியாகச் சேர்ந்து, பிறகு செக்கிங்குக்கு மாறி, கல்யாணம் வரை ஒன்பது வருஷம் நின்றபடியே வேலை. கம்பெனி வேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் என் தங்கை கல்யாணம் நடந்தது. விரும்பிப் போகிறவர்கள் போகட்டும். ஒரே ஒரு பாடத்துக்குப் பயந்துகொண்டு என் பெண் வேன் ஏறுவதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

"எந்தக் கணக்கு வரலே கண்ணு? நோட்டைக் கொண்டா."

கொண்டுவந்தாள். தலைப்பு: காரணிப்படுத்துதல். அதன் கீழே, எக்ஸ்² + 5 எக்ஸ் + 6. பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒன்றைப் போட்டு, மேலே 6, கீழே 5, இரண்டு பக்கமும் 2, 3 என்று எழுதியிருந்தது. விடை (எக்ஸ் + 2)(எக்ஸ் + 3). இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதினதும் இதே குறிதான்!

"கூட்டினா 5, பெருக்கினா 6 வர்ற மாதிரி ரெண்டு நம்பர் தேடணும், அவ்வளவுதானே?" என்றேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

"அது எனக்கும் தெரியும்மா. ஏன் தேடணும்? கூட்டினா இது, பெருக்கினா அதுன்னு எதுக்கு வருது?"

பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். இருபத்தெட்டு வருஷமாக நான் கேட்காத கேள்வியை இவள் கேட்கிறாள். இவளுக்கா கணக்கு வராது?

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் கல்லூரியில் கணக்குப் பாடம் படிக்கிறாள். அவளிடம் கேட்டேன். "இது பரப்பளவுதானுங்க்கா" என்று சொல்லி, ஒரு காகிதத்தில் பெரிய சதுரம், அதை ஒட்டிச் சில பட்டைகள், மூலையில் பொடிக் கட்டங்கள் என்று வரைந்து காட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்தது. அவர் கட்டிங் மாஸ்டர். துணியை விரித்து, முன்பக்கம், பின்பக்கம், கை என்று எப்படி அடுக்கினால் வேஸ்ட் இல்லாமல் அடங்கும் என்று பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. இந்தக் கணக்கும் அதேதான் கேட்கிறது. இருக்கிற துண்டுகளை எல்லாம் ஒரே செவ்வகமாக அடுக்கு, மிச்சமும் கூடாது, சந்தும் கூடாது.

"ஏனுங்க, நாளைக்கு வரும்போது கொஞ்சம் கட்டிங் துண்டு கொண்டாறீங்களா?"

"எதுக்கு? பாத்திரம் தொடைக்கவா?"

"கணக்குப் போடறதுக்குங்க."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.

முதல் நாள் முழுக்கத் தோல்விதான். அவர் கொண்டுவந்தது சிங்கிள் ஜெர்சி துணி. வெட்டின உடனே ஓரம் சுருண்டுகொள்ளும். பட்டையாக வெட்டினால் குழல் அப்பளம் மாதிரி சுருண்டுவிடுகிறது. "இன்டர்லாக் துணியா கேட்டிருக்கலாமில்ல?" என்று அவரே சொன்னார். இன்டர்லாக் துணி சுருளாமல் படுக்கும். சகோதரிகளே, உங்கள் ஊரில் பனியன் துணி கிடைக்காது என்றால் கவலை வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இதைவிட நன்றாகவே இருக்கும்.

இரண்டாவது தோல்வி என் புத்தியால் வந்தது. பெரிய சதுரத்தைச் சரியாக 5 அங்குலத்துக்கு வெட்டினேன். பொடிச் சதுரம் 1 அங்குலம். மகள் அளந்து பார்த்துவிட்டு, "அப்போ எக்ஸ்னா 5ஆ?" என்றாள். எக்ஸ் என்பது என்னவென்று தெரியாத ஓர் அளவு. அதை நானே 5 என்று ஆக்கிவிட்டேன்! பிறகு ஸ்கேலே வைக்காமல் குத்துமதிப்பாக, நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில் ஏதோ ஓர் அளவில் வெட்டினேன். பொடிச் சதுரங்களை வரிசையாக வைத்தால் பெரிய சதுரத்தின் ஓரத்தோடு பொருந்தக் கூடாது. அப்போதுதான் எக்ஸ் எக்ஸாகவே இருக்கும்.

நீங்கள் செய்து பார்க்க வேண்டுமானால் மூன்று வகைத் துண்டு வேண்டும். ஒன்று பெரிய சதுரம், நீளமும் எக்ஸ், அகலமும் எக்ஸ். அதுதான் எக்ஸ்². இரண்டாவது பட்டை. நீளம் பெரிய சதுரத்தின் அளவு, அகலம் பொடிச் சதுரத்தின் அளவு. அது ஓர் எக்ஸ். மூன்றாவது பொடிச் சதுரம். அது 1. வகைக்கு ஒரு நிறமாக இருந்தால் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும்.

எக்ஸ்² + 5 எக்ஸ் + 6 என்றால் பெரிய சதுரம் ஒன்று, பட்டை ஐந்து, பொடி ஆறு. இத்தனையும் சேர்ந்து ஒரு செவ்வகம் ஆக வேண்டும். மகள் பெரிய சதுரத்தைப் பாயில் வைத்தாள். அதன் வலப்பக்கம் நாலு பட்டையை நிறுத்தினாள். மீதி ஒரு பட்டையைக் கீழே படுக்க வைத்தாள். மூலையில் ஒரு காலி இடம் விழுந்தது. நாலு பட்டை அகலம், ஒரு பட்டை உயரம். நாலு பொடியை வைத்ததும் அது நிரம்பிவிட்டது. கையில் இரண்டு பொடி மிச்சம்.

"சேரலையேம்மா."

"மாத்தி அடுக்கு."

மூன்று பட்டை வலப்பக்கம், இரண்டு கீழே. இப்போது மூலைக் காலி இடம் மூன்றுக்கு இரண்டு. ஆறு பொடியும் கச்சிதமாக உட்கார்ந்தன. மேல் ஓரம் எக்ஸும் 3ம். பக்க ஓரம் எக்ஸும் 2ம். செவ்வகத்தின் பரப்பு என்றால் நீளம் பெருக்கல் அகலம்தானே? (எக்ஸ் + 3)(எக்ஸ் + 2).

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "பட்டையை ரெண்டு பங்கா பிரிக்கறோம், அதனால கூட்டினா 5. அந்த ரெண்டு பங்குதான் மூலை ஓட்டைக்கு நீளம், அகலம். அதனால பெருக்கினா 6. இவ்வளவுதானாம்மா?"

இவ்வளவுதான். என் கேள்விக்கும் சேர்த்துப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

ஐந்து பட்டையோடு ஐந்து பொடி இருந்தால்? அதையும் அவளே சோதித்தாள். 4ம் 1ம் வைத்தால் ஓட்டைக்கு 4 போதும். 3ம் 2ம் வைத்தால் 6 வேண்டும். ஐந்து எதிலும் வராது. எல்லாக் கோவையும் முழு எண்களில் பிரிந்துவிடாது என்பது இப்படிக் கண்ணாலேயே தெரிந்துபோயிற்று. பிரியாததற்குப் பத்தாம் வகுப்பில் சூத்திரம் வரும்.

அடுத்த சிக்கல், முன்னால் 2 வந்தால் என்ன செய்வது? 2 எக்ஸ்² + 7 எக்ஸ் + 3. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்கி 6 என்று வைத்துக்கொண்டு, அதற்கு 6, 1 என்று பிரிக்கச் சொல்லியிருந்தது நோட்டில். துணியில் அடுக்கினால் காரணம் புரிகிறது. இரண்டு பெரிய சதுரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வலது ஓரம் ஒரு பட்டையை நிறுத்துங்கள். கீழே ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று பட்டை, ஆக ஆறு. மூலையில் மூன்று பொடி. மேல் ஓரம் 2 எக்ஸ் + 1, பக்க ஓரம் எக்ஸ் + 3. ஏழு பட்டையும் ஆறு, ஒன்று என்று தானாகவே பிரிந்து நிற்கிறது. அந்த 6 எங்கிருந்து வந்தது? இரண்டு சதுரம், ஆளுக்கு மூன்று பட்டை.

கழித்தல் குறி வந்தால் மட்டும் துணி கொஞ்சம் தகராறு பண்ணும். நான் அதற்குத் துணியை விட்டுவிட்டு வரவு, கடன் என்று சொல்லிக்கொடுத்தேன். கடைசி எண் கூட்டல் என்றால் இரண்டு எண்ணும் ஒரே குறி, நடு எண்ணின் குறி. கடைசி எண் கழித்தல் என்றால் ஒன்று வரவு, ஒன்று கடன். பெரியது எதுவோ அதன் குறிதான் நடுவில் மிஞ்சும். எக்ஸ்² + எக்ஸ் − 12 என்றால் வரவு 4, கடன் 3. ஆகவே (எக்ஸ் + 4)(எக்ஸ் − 3). நடுவில் − எக்ஸ் என்றிருந்தால் கடன் 4, வரவு 3. மாதக் கடைசியில் கைக்கணக்கு எழுதுகிற நமக்கு இது புரியாமல் போகுமா?

அல்ஜீப்ரா துளியும் தெரியாத அம்மாவும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. பிள்ளை போட்ட விடை சரியா என்று பார்ப்பது. எக்ஸ் வருகிற இடத்தில் எல்லாம் 10 போடுங்கள். எக்ஸ்² + 5 எக்ஸ் + 6 என்பது 100 + 50 + 6, அதாவது 156. விடையில் போட்டால் 12 × 13, அதுவும் 156. சரி! 2 எக்ஸ்² + 7 எக்ஸ் + 3 என்பது 273. விடை 21 × 13, அதுவும் 273. இரண்டும் வேறு வேறாக வந்தால் எங்கோ பிசகு. நான் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே இப்படித்தான் நோட்டைத் திருத்துகிறேன். மகளுக்கு முதலில் ஆச்சரியம், "நீ எப்படிம்மா கண்டுபிடிக்கறே?" என்று. நாலு நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். கொஞ்சம் கெத்தாக இருக்கட்டுமே!

எண் பெரியதாகப் போனால் தேடுவதே பெரும்பாடு. எக்ஸ்² + 30 எக்ஸ் + 216. 216ஐ எத்தனை விதமாகப் பிரிப்பது? இதற்கு ஒரு நல்ல வழியை மாடி வீட்டுப் பெண் சொன்னாள். அமெரிக்காவில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ ஷென் லோ என்பவர் 2019இல் இதை எடுத்துச் சொல்லிப் பிரபலப்படுத்தினாராம். ஆனால் இதன் அடிப்படை ரொம்பப் பழசு. இன்றைய ஈராக் நாட்டில் இருந்த பாபிலோன்காரர்கள் சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன்பே களிமண் பலகைகளில் இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வழி இதுதான். இரண்டு பிள்ளைகளுக்குத் தின்பண்டம் பங்கிடுகிற மாதிரி முதலில் 30ஐச் சமமாகப் பிரியுங்கள். 15, 15. பெருக்கினால் 225. நமக்கு வேண்டியது 216. ஒருவரிடமிருந்து ஒன்றை எடுத்து மற்றவருக்குக் கொடுத்தால் 14 × 16 = 224, ஒன்று குறைகிறது. இரண்டை மாற்றினால் 13 × 17 = 221, நாலு குறைகிறது. மூன்றை மாற்றினால் 12 × 18 = 216, ஒன்பது குறைகிறது. எத்தனை மாற்றுகிறோமோ அதன் வர்க்கம் குறையும். 225க்கும் 216க்கும் வித்தியாசம் 9, அதன் வர்க்கமூலம் 3. ஆகவே 12ம் 18ம். தேடவே வேண்டாம்! வகுப்பில் ஆசிரியர் சொன்ன முறையில்தான் பரீட்சையில் எழுத வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிவைத்தேன். எண்ணை மனசுக்குள் கண்டுபிடிக்க மட்டும் இதை வைத்துக்கொண்டாள்.

நம் தமிழ்நாட்டில் பி.கே. ஸ்ரீனிவாசன் என்று ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தார். சென்னையில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். ராமானுஜனுக்காக 1993இல் ராயபுரத்தில் ஓர் அருங்காட்சியகம் உண்டாக்கினார். 2005இல் காலமாகிவிட்டார். கணக்கைக் கையால் தொட்டும் விளையாடியும் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வெறும் காலண்டரை வைத்தே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். காலண்டர்க் கணக்கு ஒன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரில் நாலு தேதியை ஒரு சதுரமாக வளையுங்கள். மேலே 8, 9, கீழே 15, 16 என்று வைத்துக்கொள்வோம். குறுக்காகப் பெருக்குங்கள். 8 × 16 = 128. 9 × 15 = 135. வித்தியாசம் 7. எந்த மாதம், எந்த நாலு தேதி எடுத்தாலும் 7தான்.

ஏன்? முதல் தேதி எக்ஸ் என்றால் மற்றவை எக்ஸ் + 1, எக்ஸ் + 7, எக்ஸ் + 8. (எக்ஸ் + 1)(எக்ஸ் + 7) என்பது எக்ஸ்² + 8 எக்ஸ் + 7. எக்ஸ்(எக்ஸ் + 8) என்பது எக்ஸ்² + 8 எக்ஸ். கூட இருப்பது 7 மட்டும். இத்தனை வருஷம் என் சமையலறைச் சுவரில் ஒரு காரணிப்படுத்துதல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, நான் அதில் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்!

ராமானுஜன் பெயரைச் சொன்னதால் இன்னொன்று. அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22இல், நம் ஈரோட்டில், அவருடைய அம்மாவின் தாய் வீட்டில். திருப்பூரில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஈரோடு. அவரே கல்லூரியில் மற்றப் பாடங்களில் பெயில் ஆனவர்தான். காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்து அழித்து எழுதுவாராம். எங்கள் வீட்டிலும் நோட்டுக்குப் பதில் சிலேட்டு வந்தது. தப்பு எழுதினால் அழித்துவிடலாம் என்றதும் மகளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. சிவப்பு மை வட்டம் சிலேட்டில் விழாதல்லவா?

பெண் பெயரிலேயே ஒரு கணக்குப் புத்தகம் இருப்பது தெரியுமா? பாஸ்கராச்சாரியார் 1150ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய லீலாவதி. அது அவர் மகளின் பெயர் என்றும், அவளைத் தேற்றுவதற்காக எழுதினார் என்றும் பிற்காலத்தில் ஒரு கதை வழங்குகிறது. அதில் வருகிற தேனீக் கணக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஒரு தேனீக் கூட்டம். அதில் பாதியின் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு ஒரு மல்லிகைச் செடிக்குப் போயிற்று. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் அங்கேயே போயிற்று. மிச்சம் இரண்டே இரண்டு. ஆண் தேனீ வாசனைக்கு மயங்கி ராத்திரி தாமரைக்குள் மாட்டிக்கொண்டு முனகுகிறது, வெளியே பெண் தேனீ சுற்றிச் சுற்றி வருகிறது. மொத்தம் எத்தனை?

மொத்தம் 2 எக்ஸ்² என்று வைத்தால் பாதியின் மூலம் எக்ஸ். எழுதிச் சுருக்கினால் 2 எக்ஸ்² − 9 எக்ஸ் − 18 = 0. முதலும் கடைசியும் பெருக்கினால் −36. கூட்டினால் −9 வர வேண்டும். கடன் 12, வரவு 3. (2 எக்ஸ் + 3)(எக்ஸ் − 6) = 0. எக்ஸ் 6, தேனீ 72. இன்னொரு விடை மைனஸில் வருகிறது. மைனஸில் தேனீ ஏது, தள்ளிவிடலாம். இந்தக் கணக்கை மகள் அத்தைக்குச் சொன்னாள். என் மாமியார் பள்ளிக்கூடமே போகாதவர். கவனமாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டுஞ் சாமி, உள்ளே மாட்டினது வெளிய வந்துச்சா இல்லியா?" என்றார். பாஸ்கராச்சாரியார் அதற்கு விடை கொடுக்கவில்லை.

அரையாண்டுப் பரீட்சையில் மகளுக்குக் கணக்கில் 52. தொண்ணூறு என்று எழுதத்தான் எனக்கும் ஆசை, ஆனால் 52தான். வடிவியலில் இன்னும் தடுமாறுகிறாள். காரணிப்படுத்துதலில் மட்டும் ஒரு மார்க்கும் போகவில்லை. கம்பெனிக்குப் போகிறேன் என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுக்கலாம் என்று மாடி வீட்டுப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

துணித் துண்டுகளை மஞ்சள் பை ஒன்றில் போட்டு வைத்திருக்கிறோம். பக்கத்து லைன் வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு, தமிழ் இன்னும் திக்கித் திக்கித்தான் பேசுவாள். போன ஞாயிற்றுக்கிழமை மகள் அவளோடு பாயில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சே அதிகமில்லை. ஒருத்தி பட்டையை வைக்கிறாள், மற்றவள் தலையை ஆட்டி எடுத்துவிடுகிறாள், திரும்ப வைக்கிறாள். சாயங்காலம் பை நம் வீட்டுக்கு வரவில்லை. அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

"ஏனுங்க, இன்னொரு தடவை இன்டர்லாக் துண்டு வேணுமுங்க" என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை சிவப்பு நிறமும் கேட்டிருக்கிறேன். கழித்தல் குறிக்கு சிவப்புத் துணி வைத்து எப்படி அடுக்குவது என்று மகள் ஏதோ யோசனை வைத்திருக்கிறாளாம்.